அறந்தாங்கி வீட்டின் சம்மதக் கடிதம்

அறந்தாங்கி
3-2-2025

மரியாதைக்குரிய ரஹ்மத் நிஷா அக்காவுக்கு,

உங்கள் வீட்டில் குடியிருக்கும் சிவரஞ்சனி எழுதுவது. வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "யாரக் கேட்டு எங்க வீட்டுல புள்ளைகளச் சேத்தீங்க? எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. போன்ல எனக்குப் பேச்சு வேணாம்" என்று வைத்துவிட்டீர்கள். பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். ஆறு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். போன மே மாதம் அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் உதயசூரியன் ஜே.சி.பி. ஓட்டப் போனால் சனிக்கிழமைதான் திரும்புவார். மகள் ஏழாம் வகுப்பு, காலையில் போனால் சாயங்காலம்தான். நான் சும்மா இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டு நர்ஸ் தன் மகள் மாஹிராவைக் கொண்டு வந்தார். "டூட்டி முடியிற வரைக்கும் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்புறம் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண் தன் மகன் செம்மலை விட்டார். இப்போது ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேட்காமல் செய்யவில்லை அக்கா. டிசம்பர் 14ஆம் தேதி குவைத்துக்கு, உங்கள் வீட்டு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். "புள்ளைகதானே, தாராளமா வச்சுக்கம்மா" என்றார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். வீட்டு உரிமையாளரே சரி என்று சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது இதைக் குழந்தைகள் காப்பகமாகச் சட்டப்படி பதிவு செய்ய விரும்புகிறேன். அலுவலகத்தில் வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிட்டால் நிம்மதி. நீங்கள் முடியாது என்றால் நான் நிறுத்தத்தான் வேண்டும். வேறு வீடு பார்த்தேன். பிள்ளைகள் என்றதும் இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சிவரஞ்சனி


கோட்டைப்பட்டினம்
7-2-2025

சிவரஞ்சனிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கோபம் குறையவில்லை, ஆனால் எதற்குக் கோபம் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது தப்பான ஆளிடம். எங்கள் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ் முடிப்பது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அறந்தாங்கி வீட்டை என்னைப் பெற்ற அத்தா 1996இல் என் பெயருக்கு எழுதி வைத்தார்கள். என் மகள் ஹுமாவின் அத்தா அந்த வீட்டுக்குள் ஒரு சூட்கேஸோடு மாப்பிள்ளையாக வந்தவர். இருபத்தொன்பது வருஷமாகச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் அடிக்கிறார். அவர் குவைத்தில் இருந்துகொண்டு "தாராளமா" என்றால் எதைத் தாராளமாகக் கொடுக்கிறார்? அவரிடமும் கேட்டேன். "சின்னப் புள்ளைகன்னு சொல்லுச்சு, மனசு கேக்கல" என்கிறார். மனசு அவருடையது, வீடு என்னுடையது.

ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டது என் தப்பு. அன்றைக்கு நான் உங்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வெளியே வந்து பார்த்தால் கையெழுத்து முடிந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் உங்கள் மூலமாக இல்லை. பக்கத்து வீட்டு மீனம்மாள் போனில், "ஒங்க வீட்டு வாசல்ல செருப்பாக் கெடக்கு, ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். என் வீட்டில் விசேஷமா என்று அடுத்தவர் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி காரியம். ஹுமாவுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். நோன்புப் பெருநாள் கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பார்க்க வருவார்கள். பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டை நிதானமாகப் பார்ப்பார்கள். கூடத்தில் தொட்டிலும் சுவரில் கிரயானும் இருந்தால் என்ன நினைப்பார்கள்? பின்னால் கிணறு இருக்கிறது. அதில் எந்தப் பிள்ளையாவது எட்டிப் பார்த்துவிட்டால் பிறகு யார் யாருக்குப் பதில் சொல்வது?

இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல குடித்தனக்காரர். அதில் மாற்றமில்லை.

ரஹ்மத் நிஷா


அறந்தாங்கி
10-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் நிலமானாலும் வீடானாலும் ஆம்பளையிடம்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டு வயல் பட்டா என் அம்மா மூக்காயி பெயரில் இருக்கிறது. ஆனாலும் வரப்புத் தகராறு என்றால் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அம்மா களை எடுத்துக்கொண்டே, "கேளுங்க, கேளுங்க, அவருகிட்டயே கேளுங்க" என்பார். சிறுவயதில் அது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். உங்கள் வீட்டில் நானும் அதையே செய்திருக்கிறேன். மன்னியுங்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். கிணற்றுக்கு டிசம்பர் 20ஆம் தேதியே இரும்பு வலை போட்டுப் பூட்டியாயிற்று. சாவி என் இடுப்பில் இருக்கிறது. வலை போடவும் உங்களைக் கேட்கவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவரை ஒட்டி மூன்றடி உயரத்துக்குச் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகளின் கை அதற்கு மேல் எட்டாது. கொல்லைப்புறக் கதவுக்குப் பின்னால் மட்டும் நீலத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அது மாஹிரா. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. தொட்டில் இல்லை, பாய்தான். காலை எட்டரைக்கு வருவார்கள், ஆறு மணிக்குள் எல்லோரும் போய்விடுவார்கள். மாடிப் படிக்குக் குறுக்கே பலகை வைத்திருக்கிறேன். நீங்கள் ஹுமாவுக்கென்று பூட்டி வைத்திருக்கும் மாடி அறைகள் பக்கம் யாரும் போவதில்லை.

நிறுத்தச் சொன்னீர்கள். 28ஆம் தேதியோடு நிறுத்துகிறேன் என்று ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். மாஹிராவின் அம்மா, "நைட் டூட்டிக்கு மாத்திக் கேட்டுப் பாக்குறேன்" என்றார். செம்மலின் அம்மா மட்டும் சத்தம் போட்டார். "நல்லாப் பழக்கிவிட்டுட்டு இப்பப் போன்னா எங்க போவான் அவன்? கடையில தூக்கி வச்சுக்கிட்டா ஓனரு என்னைய இல்ல வெளிய வைப்பாரு?" என்றார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுத ஆரம்பித்தபின் பாதியை மறைக்க மனம் வரவில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. 28க்குள் ஏதாவது ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், வந்து பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் நான் இன்னொரு வார்த்தை எழுத மாட்டேன்.

அன்புடன்,
சிவரஞ்சனி


கோட்டைப்பட்டினம்
22-2-2025

அன்புள்ள சிவரஞ்சனிக்கு,

வியாழக்கிழமை நான் வந்துபோனதைப் பற்றி நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது தண்ணீர்ப் பாட்டில் மட்டும் கொடுத்தாய். கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். கேட்காதது நல்லதாயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசிக்க முடிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கதவைத் தட்டியதுதான் பதினொரு மணிக்கு. பத்தரை மணிக்கே வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே மீனம்மாளின் வேப்பமர நிழலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். பிள்ளைகளை அடிக்கிறாளா, கத்துகிறாளா என்று பார்க்கத்தான். நீ ஒரு பிள்ளையிடம், "மூக்கச் சிந்திட்டு அழுவு, அப்பத்தான் நல்லா வரும்" என்றாய். அது சிரித்துவிட்டது. நானும் வெளியே நின்று சிரித்துவிட்டேன். மீனம்மாள் பார்த்துவிட்டார். "ஒங்க வீட்டுக்கு நீங்களே ஒளிஞ்சு நின்னு பாக்குறீங்களா?" என்றார். அப்புறம்தான் தட்டினேன்.

கிணற்று வலையை ஆட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. நீலக் கோட்டையும் பார்த்தேன். அது கோடு இல்லை, ஏறக்குறைய ஆறடி நீளத்துக்கு ஒரு ரயில். இனிமேலாவது அளவைச் சரியாக எழுது.

நீ அடுப்படியில் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அந்தச் செம்மல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க புதுசா?" என்றான்.

"ஆமா" என்றேன்.

"மொத நாளு எல்லாரும் அழுவாங்க. நீங்க அழுவலயே."

"இல்லயே."

"ஒங்க அம்மா எத்தன மணிக்கு வந்து கூப்புட்டுக்குவாங்க?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "நாலு மணி பஸ்ஸுக்கு" என்றேன். "அப்ப தூங்கிட்டுத்தான் போவணும்" என்று தன் பாயில் பாதியை எனக்கு ஒதுக்கினான். நான் தூங்கியதைத்தான் நீ பார்த்தாயே. பகலில் கண் அசந்து வருஷக்கணக்காயிற்று. இங்கே நான் தங்கியிருக்கும் தங்கை வீட்டில் எப்போதும் யாராவது வந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

சம்மதக் கடிதத்தை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதே. பெருநாளுக்கு முன்னால் அந்த ரயிலின் மேல் வெள்ளை அடித்துவிடு. மாப்பிள்ளை வீட்டார் வரும் தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். அதற்கு என்ன செய்வதென்று அப்புறம் யோசிக்கலாம். இனி எதைச் செய்தாலும் என்னைக் கேட்டுச் செய். அவரைக் கேட்காதே. அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார்.

அந்த ஐந்து வீட்டிலும் உடனே சொல்லிவிடு. அந்த நர்ஸ் ராத்திரி டூட்டிக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்.

ரஹ்மத் நிஷா


அறந்தாங்கி
6-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்பு வைத்திருக்கும் நேரத்தில் இதை எழுத வேண்டியிருக்கிறது. எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாகத் தயங்கினேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு ஐந்து வீட்டிலும் போய்ச் சொன்னேன். செம்மலின் அம்மா கடையில் நின்றுகொண்டிருந்தார். துணி விரித்துக்காட்டிக்கொண்டே, "வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சேல எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாஹிராவின் அம்மா மாற்றல் கேட்டு எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மா பொறுமையாகத்தான் பார்த்தார். உங்கள் கடிதத்தையும் வீட்டு வரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என்னம்மா, சம்மதம் ஒருத்தங்க குடுத்திருக்காங்க, ரசீது வேற ஒருத்தங்க பேர்ல இருக்கு?" என்றார். நான் ரசீதின் பெயரை அதுவரை பார்த்ததில்லை. மீனம்மாள் அக்காவின் மகன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்ததை மடித்து அப்படியே வைத்திருந்தேன்.

ரசீதில் ஹுமா என்று இருக்கிறது அக்கா. த/பெ முகமது இப்ராஹிம்.

"அது அவங்க மகதான்" என்றேன். "மகளா இருந்தா மக கையெழுத்துப் போடட்டும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ரசீதில் தப்பு இருக்கிறதா, அல்லது எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இப்போதைக்கு வருகிறார்கள். ஆனால் எனக்கு மறுபடி பயமாக இருக்கிறது.

ரயிலுக்கு வெள்ளை அடித்தாயிற்று. இரண்டு கோட் அடித்தும் லேசாகத் தெரிகிறது.

அன்புடன்,
சிவரஞ்சனி


கோட்டைப்பட்டினம்
12-3-2025

அன்புள்ள சிவரஞ்சனிக்கு,

ரசீதில் தப்பு இல்லை. தப்பு என் மேல்தான்.

2023இல் ஹஜ்ஜுக்குப் போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்த வீட்டை ஹுமா பெயருக்கு எழுதி வைத்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். வரியிலும் என் தம்பிதான் பெயர் மாற்றியிருக்க வேண்டும். ஹஜ் முடிந்து திரும்பி வந்தேன், வீடு அங்கேயே இருந்தது, வாடகையும் எனக்கே வந்தது. எழுதியது காகிதத்தில்தானே, நிக்காஹ் வரைக்கும் அது என் வீடுதான் என்று மனதில் வைத்துக்கொண்டேன். ஹுமாவும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. "வீடு என்னுடையது" என்று நான் உனக்கு எழுதியபோதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படியென்றால் நான் எவ்வளவு கெட்டியாக நம்பியிருக்கிறேன் பார்.

உன் கடிதம் வந்த அன்று நோன்பு திறந்ததும் திருச்சிக்கு ஹுமாவைக் கூப்பிட்டேன். லேபிலிருந்து அப்போதுதான் ஹாஸ்டலுக்கு வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "யாரக் கேட்டும்மா கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள்.

நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. குரல்கூட என் குரல்தான்.

"ஒன் வீடுன்னு நான் நெனைக்கல" என்றேன். "அப்பறம் எதுக்கு எழுதிக் குடுத்தீங்க? வர்றவங்ககிட்ட காட்டுறதுக்கா?" என்றாள். பெருநாளுக்கு வந்து நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன், பார்க்காமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போடுவாளா மாட்டாளா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

ஹுமாவின் அத்தாவுக்குத்தான் ஒரே கொண்டாட்டம். குவைத்திலிருந்து வீடியோவில் சிரிக்கிறார். "நான் சரின்னு சொன்னாலும் செல்லாது, நீ சரின்னு சொன்னாலும் செல்லாது. இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்கிறார். போனை வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஏப்ரல் 9, புதன்கிழமை வருகிறார்கள். மாப்பிள்ளை கத்தாரிலிருந்து லீவில் வருகிறார். அதற்கு அடுத்த வாரம் திரும்புகிறார், வேறு நாள் இல்லை. அன்று ஒரு நாள் மட்டும் பிள்ளைகள் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வாயா? சார்ட் பேப்பரையும் கழற்றிவிடு. இது நான் உன்னிடம் கேட்பது. உத்தரவு போடும் இடத்தில் இப்போது நான் இல்லை.

ரஹ்மத் நிஷா


அறந்தாங்கி
16-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

9ஆம் தேதி பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள். மூன்று வீட்டில் லீவு போட்டுக்கொள்கிறார்கள். மாஹிராவையும் செம்மலையும் மீனம்மாள் அக்கா வீட்டில் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். "என் வீட்டுக்கு வரியும் என் பேர்லதான், ஒருத்தரையும் கேக்க வேணாம்" என்கிறார் மீனம்மாள் அக்கா. கூடத்தைக் கழுவி, அடுப்படியை ஒழித்து, சாவியை அவரிடமே கொடுத்துவைக்கிறேன்.

ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்த வரன் முடிந்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்குமா? மாப்பிள்ளை வந்து இருக்கும் வீடு என்று எழுதியிருந்தீர்கள். ஹுமாவின் கல்யாணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதே நேரம் அது முடிந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. இரண்டையும் சேர்த்து நினைப்பது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

பெருநாள் வாழ்த்துகளை முன்கூட்டியே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிவரஞ்சனி


கோட்டைப்பட்டினம்
11-4-2025

அன்புள்ள சிவரஞ்சனிக்கு,

நீ புதன்கிழமை முழுக்க மீனம்மாள் வீட்டில் இருந்தாய். சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் ஹுமா உன்னிடம் வெகுநேரம் பேசினாள் என்றாலும் அவள் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். வரிசையாகச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் வந்து மீனம்மாளிடம் சாவி வாங்கினோம். கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஹுமா வாசலிலேயே நின்றுவிட்டாள். "புள்ளைக எங்க?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "நான் பாக்கணும்னுதானே வந்தேன். எனக்குக் காட்ட வேண்டியத ஒளிச்சு வச்சுட்டு அவங்களுக்குக் காட்டுறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். படிக்குக் குறுக்கே நீ வைத்திருந்த பலகையைத் தாண்டித் தாவிப் போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா மூன்று பேரும்தான். மாப்பிள்ளையின் அம்மா குறைவாகப் பேசுகிறவர். தரையைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தார். கொல்லைப்புறக் கதவைச் சாத்தியபோது வெள்ளைக்குள் ஏதோ லேசாகத் தெரிவதைக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மீனம்மாள் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் செம்மல், "நான் எங்க வீட்டுக்குப் போறேன்! எங்க வீடு அங்கிட்டு இருக்கு!" என்று கத்தினான். அவன் சொன்னது நம் வீட்டை.

"பக்கத்துல புள்ளைக சத்தமா இருக்கே" என்றார் அந்த அம்மா. "ஆமா, பக்கத்து வீடு" என்று நான் ஆரம்பித்தேன். ஹுமா மறித்தாள்.

"இல்லங்க. அது இந்த வீட்டுப் புள்ளைக. வேலைக்குப் போறவங்க இங்க விட்டுட்டுப் போவாங்க. கீழ இருக்குறவங்க பாத்துக்குறாங்க. நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு மட்டும் அங்கிட்டு அனுப்பிருக்கு."

மாப்பிள்ளையின் அக்காதான், "ஏன் அனுப்புனீங்க?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

அவருடைய அம்மா ஹுமாவிடம், "கல்யாணத்துக்கு அப்பறமும் இது நடக்குமா?" என்றார். "நடக்கும். எனக்கு மாடி போதும். ரெண்டு ரூம் இருக்கு, படி தனியா வெளியில கட்டிக்கலாம். இவங்க கத்தார்ல இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ வருவாங்க. அதுக்காகக் கீழ் வீட்ட யாராச்சும் பூட்டி வைப்பாங்களா?" என்றாள். மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி, "வருசத்துக்கு ஒரு தடவ வருவேன்" என்றார். அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் அக்கா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் ஹுமா நேரே மீனம்மாள் வீட்டுக்கு வந்தாள். மற்றது உனக்குத் தெரியும். மாஹிரா அவள் மடியிலேயே தூங்கிப்போனதும், நீ எழுப்பப் போனபோது அவள் விடாததும்.

ஒன்றை மட்டும் நீ பார்க்கவில்லை. ஆறு மணிக்குத் திரும்பி வந்ததும் பேனாவும் தாளும் கேட்டாள். நான் தடுத்தேன். "அவுக பதில் வரட்டும். ரெண்டு நாளுதானே. முடிஞ்சிருச்சுன்னா மாப்ளயக் கேட்டுக்கிட்டுப் போட்டா அவுகளுக்கும் மரியாத" என்றேன்.

"அதான்மா இன்னைக்கே போடுறேன்" என்றாள். "நாளைக்குப் போட்டா அவங்களக் கேட்டுப் போட்ட மாதிரி ஆயிரும்."

சிவரஞ்சனி, நான் உன்னிடம் அவ்வளவு கோபப்பட்டேனே, அந்தக் கோபத்தில் இருந்த நியாயத்தை அவள் எனக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பேனாவையும் தாளையும் எடுத்துக் கொடுத்தேன்.

கடிதத்தை அவளே எழுதினாள். மூன்று வருஷத்துக்குச் சம்மதம். எட்டுப் பிள்ளைகள் என்று நான் சொன்னதைப் பத்து என்று மாற்றிவிட்டாள். நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை என்பது மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நீ கேட்டிருந்ததை நான் அவளிடம் சொன்னேன். "இத எழுத்துல கேட்டவங்களுக்கு எழுத்துலதான் சொல்லணும்" என்றாள். உன் பெயரை எழுதும்போது மட்டும் என்னிடம் கேட்டாள், தலைப்பெழுத்து என்னவென்று.

கீழே சாட்சிக்கு இரண்டு இடம் விட்டிருந்தாள். ஒன்றில் மீனம்மாள் போட்டிருக்கிறார். நிறுத்தி நிறுத்தி எழுதி, தேதியையும் தன் கையாலேயே போட்டார். இன்னொன்றில் நான் போட்டிருக்கிறேன். அந்த வீட்டுக் காகிதத்தில் இதுவரை நான் வாங்கியவளாகப் போட்டிருக்கிறேன், எழுதிக் கொடுத்தவளாகப் போட்டிருக்கிறேன். சாட்சியாகப் போட்டது இதுதான் முதல். அவள் சம்மதித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்பதற்குச் சாட்சி. போட்டு முடித்து நிமிர்ந்தபோது மனது கனமில்லாமல் இருந்தது. என்னிடமிருந்து ஒன்று போய்விட்டது என்று தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பதில் இன்னும் வரவில்லை. வரும். இங்கே செவ்வாய்க்கிழமை முதல் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளையெல்லாம் கரையில் கட்டப்போகிறார்கள். தங்கை வீட்டில் இரண்டு மாதம் ஆள் கூட்டமாக இருக்கும், நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். என்னைப் போல் புதுச் சாட்சி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் வந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினால் உனக்கு ஆகுமா? ஆகும் என்றால் எழுது. ஹுமாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவள் வீடு.

ரஹ்மத் நிஷா